ஒரு வாரத்தில் நாற்பத்தொரு எச்சரிக்கை

“ஏலே, இன்னும் ஒன்பது நாளில் என் பாதுகாப்பு முடிந்துபோகுமாம். கணினியில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்.”

2025 நவம்பரில் ஒரு காலை பெரியப்பா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். நான் முலுண்டில் இருக்கிறேன். அவரும் பெரியம்மாவும் செம்பூர் சேடா நகரில், முருகன் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணினி அவருக்குப் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. பென்ஷன் கணக்கு, வருமான வரி, ஊரில் இருக்கும் அரை ஏக்கருக்குப் பட்டா பார்ப்பது எல்லாம் அந்த மேசைக் கணினியில்தான். 2016-இல் லேமிங்டன் ரோட்டுக் கடையொன்றில் உதிரிகளைத் தானே பொறுக்கிக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லி வாங்கியது. அதன் மேல் இன்றும் ஒரு துண்டு விரித்து மூடி வைக்கிறார்.

நான் போனபோது ஆளுக்கொரு யோசனை காத்திருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளின் சந்தாவை மூன்று வருடத்துக்குப் புதுப்பித்துவிடலாம் என்பது பெரியப்பாவின் எண்ணம். கிழட்டுக் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது லேப்டாப் வாங்குங்கள் மாமா என்பது நவி மும்பையில் வேலை பார்க்கும் அத்தை மகனின் தீர்ப்பு. விண்டோஸையே எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று போன வருடமே ஓதிக்கொண்டிருந்தவன் நான். விண்டோஸோடு கூடவே வரும் காவலையே நம்பிச் சும்மா இருப்பது நான்காவது வழி. அதில் விற்க எதுவும் இல்லாததால் அதைச் சொல்லவும் ஆளில்லை. இவை போதாதென்று பேரன் இணையத்தில் தருவித்த விரல்ரேகைப் பூட்டு, வாசல் கேமரா, இன்னும் சில சில்லறைச் சாமான்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து பெரியம்மா ஒதுக்கியது பத்தாயிரம் ரூபாய்.

எதை வாங்குவது என்று அன்றே முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் பதிவேடு எழுதச் சொன்னேன். திரையில் எது எட்டிப் பார்த்தாலும் நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான்கு பத்தி. சிக்னல்காரரிடம் பதிவேடு எழுதச் சொன்னால் கேட்கவா வேண்டும்! பழைய டைரியில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, ஏழு நாளும் ஒன்று விடாமல் பதிந்திருந்தார்.

மொத்தம் நாற்பத்தொரு வரி. அதில் பதினேழு, காவலுக்கு என்று காசு கொடுத்து வைத்த அந்த மென்பொருளே போட்ட கூச்சல். சந்தா முடிகிறது என்று எட்டு முறை. குப்பைக் கோப்புகள் சேர்ந்துவிட்டன, சுத்தம் செய்ய மேல்சந்தா எடுங்கள் என்று நான்கு முறை. உங்கள் இணைய முகவரி வெளியே தெரிகிறது என்று மூன்று முறை. எல்லாம் நலமாக இருக்கிறது என்று இரண்டு முறை; நலமாக இருப்பதைச் சொல்லவும் ஒரு மணியோசை. அடுத்த பதின்மூன்று, திரையின் வலது கீழ் மூலையில் எழும் “உங்கள் கணினியில் 5 வைரஸ்” வகை. இவை வைரஸ் தடுப்பு சொன்னவை அல்ல, பிரவுசர் வழியாக வரும் விளம்பரங்கள். பிரிண்டர் மை குறைவு என்று ஆறு. மிச்சம் ஐந்து விண்டோஸ் சொன்னவை: ஆதரவு முடிந்துவிட்டது என்று இரண்டு, புதுப்பித்தலுக்காக மறுபடி இயக்கச் சொல்லி மூன்று.

“என்ன செய்தீர்கள்” என்ற நான்காவது பத்தியில்தான் என் கண் நின்றது. மேலே உள்ள முப்பத்தாறுக்கும் “சரி அழுத்தினேன்” அல்லது “மூடினேன்”. உண்மையான அந்த ஐந்துக்கும் “பிறகு”.

அவரே அதைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மும்பை மின்ரயில்களில் இருக்கும் எச்சரிக்கைக் கருவியைப் பற்றிச் சொன்னார். வண்டி மஞ்சள் விளக்கை நெருங்கும்போது மோட்டார்மேனுக்கு ஒலி கேட்கும். அவர் கையால் பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொண்டேன் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். “பச்சைக்கும் அதே மணியை அடித்துப் பார், பத்தாவது நாள் அவன் கை தூக்கத்திலேயே பொத்தானை அழுத்தும். என் கையும் அப்படித்தான் ஆகிவிட்டது” என்றார்.

எனக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. எது அதிக வைரஸைப் பிடிக்கும் என்பதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, எது பெரியப்பாவைக் குறைவாகக் கூப்பிடும் என்பதை முதலில் வைத்தேன்.

சந்தாவைப் புதுப்பிப்பதில் இருந்து தொடங்குகிறேன். திரையில் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாக அதே மென்பொருளின் புதுப் பெட்டி லேமிங்டன் ரோட்டில் கிடைக்கிறது. பழைய வாடிக்கையாளருக்குத்தான் இங்கே அதிக விலை. அதைக்கூட மன்னிக்கலாம். நீங்கள் வெளி மென்பொருளை நிறுவியதும் விண்டோஸின் சொந்தக் காவலான டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதாவது, காவலாளி இல்லாத வீட்டுக்கு ஆள் வைக்கவில்லை. இருக்கிற காவலாளியை அனுப்பிவிட்டு, மணிக்கொரு தரம் சம்பளம் கேட்கும் ஒருவரை நிறுத்துகிறோம்.

டிஃபெண்டர் மட்டமானது என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மைதான். 2012-இல் விண்டோஸ் 8-உடன் அது முழு வைரஸ் தடுப்பாக உள்ளேயே வரத் தொடங்கியபோது சோதனைகளில் பின்வரிசையில் இருந்தது. இப்போது நிலை வேறு. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடத்தின் பட்டியல்களில் அது முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக அருகிலோ பல வருடங்களாக வாங்கிவருகிறது. இணையத் தொடர்பு இல்லாதபோது அதன் கண் கொஞ்சம் மங்கும், உண்மை. ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, நாளெல்லாம் யார் யாருடைய பென்டிரைவையோ செருகிக்கொண்டிருப்பவர் காசு கொடுத்து நல்ல மென்பொருள் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். பெரியப்பா வீட்டில் பென்டிரைவ் என்பது தேவாரப் பாடல்கள் இருக்கும் ஒன்றே ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. காவல் மென்பொருளுக்குக் கணினியின் அடியாழம் வரை சாவி கொடுக்கிறோம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான புதுப்பித்தல், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது நிறுவனங்கள் வாங்கும் சரக்கு, வீட்டுக்கு வருவதில்லை. என்றாலும் காவல் கூடக் கூட ஆபத்து குறைந்துகொண்டே போகும் என்ற கணக்கு அன்று பொய்த்தது.

லினக்ஸ். என் சொந்தக் கட்சி என்பதால் கொஞ்சம் கவனமாகப் பேசுகிறேன். இருப்பதிலேயே வாய் திறக்காதது அதுதான். என் வீட்டுக் கணினியில் மூன்று வருடமாக லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. காசில்லை, சந்தா இல்லை, தமிழ்99 விசைப்பலகை உண்டு, வருமான வரித் தளம் பிரவுசரில் தடையில்லாமல் திறக்கிறது. பெரியப்பாவின் கணினியில் ஒரு பென்டிரைவிலிருந்து ஓட்டியும் பார்த்தோம். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பழைய ஸ்கேனர் அசையவில்லை. பென்ஷன் நிலுவைக் கணக்குக்காக நண்பர் எழுதிக்கொடுத்த எக்ஸெல் தாளில் மேக்ரோக்கள் என்ற தானியங்கிக் கட்டளைகள் வேலை செய்யவில்லை. இவை இரண்டையும் எப்படியாவது சரிக்கட்டலாம். சரிக்கட்ட முடியாதது தூரம். இரவு பத்து மணிக்கு ஏதாவது நின்றுபோனால் பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்க்க அவனுக்குத் தெரிந்த சாமானாக இருக்க வேண்டும். நான் முலுண்டிலிருந்து போவதற்குள் பெரியப்பா கூகுளில் “உதவி எண்” தேடிவிடுவார்; அங்கே காத்திருப்பவர்கள் எந்த வைரஸையும்விட மோசமானவர்கள். ஒரே வீட்டில் கணினி தெரிந்த ஒருவர் இருந்தால் லினக்ஸ்தான் முதல் இடம். இல்லாத வீட்டில் என் கட்சியை நானே தோற்கடிக்க வேண்டியிருக்கிறது.

புது லேப்டாப்பை விரைவாகக் கடந்துவிடலாம். பத்தாயிரத்துக்குள் வராது. வந்தாலும், பல லேப்டாப்களில் முப்பது நாள் இலவச வைரஸ் தடுப்பு ஒன்றை உள்ளேயே உட்கார்த்தி அனுப்புகிறார்கள். முப்பத்தோராம் நாள் சிவப்பு எழுத்து மறுபடி தொடங்கும். அத்தை மகன் சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம்: இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 வராது. அதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பாகமும் வேண்டும். இவருடையது ஆறாம் தலைமுறை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு இனி ஒட்டுப்போட மாட்டார்கள் என்று பொருள். வைரஸ் தடுப்புச் சந்தா முடிவதைவிட இது பல மடங்கு பெரிய சேதி. 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரையை நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஒட்டுப் போட்டிருந்தது. “பிறகு” என்று அழுத்தியவர்களின் கணினிகளில்தான் அது பெரும்பாலும் புகுந்தது.

வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பித்தல்களை நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அமைப்புகளில் விண்டோஸ் புதுப்பித்தல் பக்கத்தில் அதற்கான இணைப்பு இருக்கிறது. பத்து நிமிடம் ஆனது, அதில் எட்டு நிமிடம் பெரியப்பா கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொள்ள. காசில்லாமல் தருகிறவன் பதிலுக்கு எதையோ எடுத்துக்கொள்கிறான் என்று அவர் முணுமுணுத்தார். எடுத்துக்கொள்கிறான்தான். ஒரு வருட அவகாசத்துக்கு அந்த விலை எனக்குச் சரி என்று பட்டது.

இனி அந்தப் பதின்மூன்று பொய் வைரஸ்கள். பிரவுசரின் அமைப்புகளில் தனியுரிமைக்குள் போய், தளங்களுக்கான அனுமதிகளில் மணி அடையாளம் போட்ட அறிவிப்புகள் பகுதியைத் திறந்தேன். ஒன்பது தளங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று ராசிபலன். மற்றவற்றில் பாதி, “நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்தவும்” என்று கேட்டு வாங்கியவை. பெரியப்பா தான் மனிதன் என்று நிரூபிக்கப் போய் விளம்பரக்காரனுக்கு வாசல் திறந்துவிட்டிருந்தார். ஒன்பதையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று குறித்துவிட்டோம். மூன்று நிமிட வேலை. இதற்காகவே மேல்சந்தா எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பேரனின் சாமான்களில் விரல்ரேகைப் பூட்டு சற்று நேரம் வீட்டையே சிரிக்க வைத்தது. பீரோ இருக்கும் அறைக்கு என்று வாங்கியது. பேரன் விரலுக்குத் திறந்தது, பெரியப்பா விரலுக்கு மூன்றில் ஒரு தடவை திறந்தது, பெரியம்மா விரலுக்குக் கடைசிவரை திறக்கவில்லை. நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல் அது. ஆதார் இயந்திரமே அவரிடம் தோற்றிருக்கிறது. நான் பூட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்மூடியை இரண்டு சிறிய திருகுகள்தான் பிடித்திருந்தன. மூக்குக் கண்ணாடி முறுக்கும் திருப்புளியால் கழற்றி, உள்ளே ஒரு கம்பியை நகர்த்தியதும் கொண்டி துள்ளி வெளியே வந்தது. பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஊருக்குப் போய்வரும் வழியில் வாங்கி வைத்திருந்த திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்து மாட்டினார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு; சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை.

பொது இடத்தில் கைபேசிக்கு சார்ஜ் போடும்போது தகவல் திருட்டைத் தடுக்கும் யூஎஸ்பி தடுப்பு என்ற சுண்டுவிரல் நீளச் சாமான் யோக்கியமானது. சாதாரண யூஎஸ்பி முனையில் நான்கு தொடர்புகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. பின்னவை இரண்டையும் இணைக்காமல் விட்டால் சார்ஜ் மட்டும் ஏறும், தகவல் போகாது. சொன்னதைச் செய்கிறது. ஆனால் சொந்த சார்ஜரோடு பயணம் போகும் பெரியப்பாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெப்கேமரா மூடியும் அப்படியே. அவருடைய கேமரா கம்பியில் தொங்குவது, பிடுங்கிவிட்டால் போதும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: மூடியை ஒட்டியபடி மேக்புக்கை மடித்தால் திரை விரிசல் விடக்கூடும் என்று ஆப்பிளே 2020-இல் எச்சரித்தது.

வாசல் கேமராதான் வம்பு. அவர்கள் குடியிருப்பில் எட்டு வீட்டுக்கு ஒரே நடைபாதை. பால்காரர், வீட்டு வேலைக்கு வரும் பெண், எதிர்வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர வண்டி என்று எது நகர்ந்தாலும் பெரியப்பாவின் கைபேசியில் “வாசலில் அசைவு”. முதல் நாள் முப்பத்தெட்டு. கணினியில் குறைத்த சத்தமெல்லாம் சட்டைப் பைக்கு மாறியது. அதோடு கேமராவின் கடவுச்சொல், அதன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டு வந்ததாகவே இருந்தது. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படித் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் சேர்த்துப் படை திரட்டித்தான் அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை ஒரு நாள் முடக்கியது. கேமராவைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினோம். அதுவும் அதன் அடிப்பக்கச் சீட்டில் அச்சிட்டதாகவே ஐந்து வருடம் இருந்திருக்கிறது.

கடவுச்சொற்களை எங்கே வைப்பது என்பதில் பெரியப்பாவுக்கும் எனக்கும் அரை மணி நேரம் வாதம். அவருடையது பூஜை அலமாரியில் இருக்கும் நோட்டுப் புத்தகம். அதை நான் கேலி செய்யவில்லை. இணையத்தின் மறுமுனையில் இருக்கும் திருடனால் செம்பூர் பூஜை அலமாரியைத் திறக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் பழக்கத்தை மட்டும் விடச் சொன்னேன். அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே தன் வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குகிறார்கள், பெரியப்பா 14 வரை வந்திருந்தார். ஆனால் நோட்டுக்கு இல்லாத ஒரு குணம், பிரவுசரே கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பெட்டிக்கு உண்டு. அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். வங்கிப் பக்கத்தைப் போலவே அச்சு அசலாக ஜோடித்த போலிப் பக்கத்தில் கண் ஏமாறும், அது ஏமாறாது. பேசாமல் வெறும் கட்டத்தைக் காட்டும். கத்தாமல் எச்சரிக்கும் ஒரே சாமான் இந்தப் பட்டியலில் அதுதான் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிகளுக்கு மாற வேண்டியிருந்தது. ஆகவே பழைய முகவரியில் சேமித்தவற்றைப் புது முகவரியில் ஒரு முறை நாமே பார்த்து ஏற்றிவைக்க வேண்டும். கணினித் திரைக்குத் தாள் ஒட்டி அந்த முடிவெழுத்துகளை எழுதிவைத்தார் பெரியப்பா.

இதெல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது பெரியம்மா ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். இரண்டு மாதம் முன்பு, “போன மாதக் கட்டணம் பதிவாகாததால் இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், அதிகாரியை அழைக்கவும்” என்று பத்து இலக்க எண்ணோடு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பெரியப்பா அழைத்திருக்கிறார். அவன் சொன்னபடி ஒரு செயலியையும் நிறுவத் தொடங்கியிருக்கிறார், கைபேசித் திரையை அப்படியே வேறு ஒருவருக்குக் காட்டும் வகைச் செயலி. நடுவில் கைபேசியே இரண்டு முறை தடுத்துக் கேட்டிருக்கிறது. இரண்டு முறையும் “சரி”. “கட்டணம் கட்டிய ரசீது பிரிட்ஜ் மேல் கிடக்கிறது, யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று பெரியம்மா கைபேசியைப் பிடுங்கி அணைக்காமல் இருந்திருந்தால் பென்ஷன் கணக்கு காலியாகியிருக்கும். வைரஸ் தடுப்புச் சந்தா அன்று உயிரோடுதான் இருந்தது.

“அந்த இரண்டையும் நான் படிக்கவே இல்லை” என்றார் பெரியப்பா.

பணம் போயிருந்தால் இணைய மோசடிக்கான அரசு உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும் என்பதை அந்தத் திரைத் தாளிலேயே எழுதினோம். இதில் நேரம்தான் காசு. வாடிக்கையாளர் தானே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது என்றே ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது.

ஆக, வைரஸ் தடுப்பை நீக்கிவிட்டு டிஃபெண்டரை விழிக்க வைத்தோம். நீக்கும்போது “நிச்சயமாகவா?” என்று அது நான்கு முறை கேட்டது. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றை வாங்கி மாட்டியதில் கணினி எழுந்துவரும் நேரம் மூன்று நிமிடத்திலிருந்து அரை நிமிடம் ஆனது. புதுப்பித்தலுக்குப் பின் மறுபடி இயக்குவதை அவர் தள்ளிப்போட்டதற்கு அந்த மூன்று நிமிடமும் ஒரு காரணம். மிச்சப் பணம் பெரியம்மாவிடம் திரும்பிப் போயிற்று. 2026 அக்டோபருக்குள் லேப்டாப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டும், அது அத்தை மகனுக்கு நான் கொடுத்த வாக்கு.

அடுத்த வாரமும் பதிவேடு தொடர்ந்தது. ஏழு வரி. அதில் ஒன்று: “செவ்வாய், 11.40, விண்டோஸ், மறுபடி இயக்கச் சொன்னது, இயக்கினேன்.” மற்ற ஆறும் பிரிண்டர். மை நிரப்பிய பிறகும் மை குறைவு என்றே சொல்கிறது. அதை என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியவில்லை. தற்காலிகமாக அதன் கம்பியைப் பிடுங்கி, கணினியின் மேல் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டிருக்கிறார்.